பறவைக் குழுவில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு

பொங்கல் கழிந்த வாரம் எங்கள் பறவைக் குழுவுக்குப் புது ஆட்கள் வருவார்கள். 2015-இலிருந்து பொங்கல் விடுமுறையில் தமிழகம் முழுக்கப் பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. அதற்காக ஏரிக்கரைக்கு வந்து, யாரோ கொடுத்த பைனாகுலரில் முதல் தடவையாக நாமக்கோழியின் நெற்றி வெள்ளையைப் பார்த்தவர்கள், வீட்டுக்குப் போன கையோடு வாட்ஸ்அப் குழுவில் சேர்ந்துவிடுவார்கள். பள்ளிப் பிள்ளைகள், ஓய்வுபெற்ற ஆசிரியர்கள், பண்டிகைக்கு ஊருக்கு வந்த ஐடி பிள்ளைகள் எல்லோரும் இருப்பார்கள். பிப்ரவரியில் உலகம் முழுக்க நடக்கும் நான்கு நாள் கணக்கெடுப்பின்போது இன்னும் கொஞ்சம் பேர் வருவார்கள்.

சித்திரை வெயிலில் திரும்பிப் பார்த்தால் அவர்களில் பலரைக் காணோம். பறவை சலித்துப்போய் விட்டவர்கள் குறைவு. எதையோ கேட்டு, அதற்கு யாரோ சுருக்கென்று பதில் சொல்லி, மனம் விட்டுப்போய்ப் போனவர்கள்தான் அதிகம். நான் அட்மினாக இருக்கிற குழுவிலேயே இது நடந்திருக்கிறது. பேசி நிறுத்தியிருக்கலாமே என்று ஒவ்வொரு முறையும் வருத்தப்பட்டிருக்கிறேன்.

இது ஒரு பக்கம். இன்னொரு பக்கம், புதிதாக வந்தவர் ஆர்வத்தில் அனுப்பிய ஒரே ஒரு படத்தால் ஓர் ஆந்தைக் குடும்பம் பொந்தை விட்டுப் போனதையும் பார்த்திருக்கிறேன். மற்ற பொழுதுபோக்குக் குழுக்களில் மரியாதை என்பது மனிதர்களோடு முடிந்துவிடும். இங்கே நாம் அனுப்பும் செய்தி எங்கோ அடைகாக்கிற ஒரு பறவை வரைக்கும் போய்ச் சேர்கிறது. அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதல் வாரம்

சேர்ந்ததும் குழுவின் விவரப் பகுதியில் இருக்கும் விதிகளைப் படித்துவிடுங்கள். பெரும்பாலும் ஏழெட்டு வரிதான் இருக்கும். அப்புறம் ஒரு வரியில் அறிமுகம்: பெயர், ஊர், எப்படிப் பறவை பார்க்க வந்தீர்கள் என்பது போதும். ப்ரொஃபைலில் வெறும் புள்ளியோ பூவோ வைத்திருந்தால் பெயரைப் போட்டுவிடுங்கள். யாரோடு பேசுகிறோம் என்று தெரிந்தால் பதில் சொல்பவருக்கும் பேச்சு இதமாக வரும்.

முதல் ஒரு வாரம் வெறுமனே படியுங்கள். யார் என்ன கேட்கிறார்கள், எப்படிப் பதில் வருகிறது, எந்தப் படத்துக்கு அட்மின் தலையிடுகிறார் என்று ஒரு போக்கு பிடிபடும். காலை வணக்கப் படங்களும் பண்டிகை வாழ்த்துகளும் வேண்டாம். அதிகாலை ஐந்தரைக்குக் களத்துக்குக் கிளம்புகிறவர் "இன்றைக்கு ஏரியில் என்ன வந்திருக்கிறது" என்று பார்க்கத்தான் போனைத் திறப்பார்.

ஃபார்வர்டு விஷயத்தில் கூடுதல் கவனம் வேண்டும். செல்போன் கோபுரத்தால் சிட்டுக்குருவி அழிந்துவிட்டது என்ற செய்தி மாதம் ஒருமுறையாவது வந்துவிடும். அதற்கு உறுதியான ஆதாரம் கிடையாது. 2020-இல் வெளிவந்த இந்தியப் பறவைகளின் நிலை பற்றிய அறிக்கை, பெருநகரங்களில் சிட்டுக்குருவி குறைந்திருந்தாலும் நாடு முழுக்க எடுத்துப் பார்த்தால் எண்ணிக்கை ஏறக்குறைய நிலையாகவே இருப்பதாகச் சொன்னது. இதைப் பொறுமையாக விளக்குகிற இரண்டு மூன்று பேர் எல்லாக் குழுவிலும் இருப்பார்கள். அவர்களுடைய பொறுமையை நாம் அடிக்கடி செலவழிக்கிறோம். அனுப்புவதற்கு முன் குழுவிலேயே "சிட்டுக்குருவி" என்று தேடிப் பார்த்தால் பழைய பதில் வந்து நிற்கும்.

கேட்பது எப்படி

குழுவில் அதிகம் வரும் கேள்வி "இது என்ன பறவை?" என்பதுதான். தவறான கேள்வியே இல்லை. ஆனால் தூரத்தில் ஒரு கறுப்புப் புள்ளி தெரியும் படத்தைப் போட்டு, கீழே "பெயர்?" என்று ஒற்றைச் சொல் மட்டும் எழுதினால், பதில் சொல்லக்கூடியவர் பத்துக் கேள்வி திருப்பிக் கேட்க வேண்டியிருக்கும். பலர் கேட்காமலே தாண்டிப் போய்விடுவார்கள்.

நான் புதியவர்களுக்குக் காட்டும் மாதிரி இது:

"வணக்கம். இன்று காலை ஏழு மணி, தஞ்சாவூர் மாவட்டம், வயல் ஓரத்து வேப்பமரம். காக்கை அளவு இருக்கும், ஆனால் ஒல்லி, வால் நீளம். உடம்பெல்லாம் பழுப்பு, அதில் வெள்ளைப் புள்ளிகள். கண் சிவப்பு. பழம் தின்றுகொண்டிருந்தது. பெண் குயிலாக இருக்குமோ என்று நினைக்கிறேன். படம் நான் எடுத்தது."

இதில் எல்லாமே இருக்கிறது. நாள், நேரம், மாவட்டம், மரமா நீரா வயலா என்பது. அளவைச் சொல்லும்போது சிட்டுக்குருவி, மைனா, காக்கை, பருந்து என்று எல்லோருக்கும் தெரிந்த பறவையோடு ஒப்பிட்டுச் சொல்லுங்கள். "சின்னது" என்றால் எவருக்கும் ஒன்றும் விளங்காது. என்ன செய்துகொண்டிருந்தது என்பது நிறத்தைவிடப் பலமுறை உதவியிருக்கிறது. கடைசியாக, உங்களுடைய ஊகம். தப்பாக இருந்தாலும் எழுதுங்கள். நீங்களும் முயன்று பார்த்திருக்கிறீர்கள் என்று தெரிந்ததுமே பதில் சொல்பவரின் குரல் மாறிவிடும். படம் இல்லையென்றாலும் இதே மாதிரி எழுதிக் கேட்கலாம். நல்ல விவரிப்பு ஒன்றை வைத்தே பெயர் சொல்லிவிடக்கூடியவர்கள் உண்டு.

பெண் குயில் கேள்வி வாராவாரம் வரும். கறுப்பாக இருப்பதுதான் குயில் என்று பழகிய கண்ணுக்குப் புள்ளி போட்ட பெண் குயில் வேறொரு பறவையாகத்தான் தெரியும். வாராவாரம் வருவதாலேயே பழைய ஆட்களில் யாராவது ஒருவர் "குயில்கூடத் தெரியாதா?" என்று எழுதிவிடுவார். உங்களுக்கு அப்படி வந்தால் மனதில் வைக்காதீர்கள். அந்த ஒரு பதில் குழு மொத்தத்தின் பதில் ஆகாது. அடுத்த வருடம் உங்களுக்குக் குயில் தெரிந்திருக்கும், புதிதாக ஒருவர் இதையே கேட்பார். அப்போது உங்கள் கை எழுதப்போகும் பதிலை இப்போதே யோசித்து வையுங்கள்.

பதில் வரத் தாமதமானால் ஒரு நாள் பொறுங்கள். இங்கே பதில் சொல்பவர் யாருக்கும் இது சம்பளம் வாங்கும் வேலை கிடையாது. ஒருவர் வங்கியில் இருப்பார், ஒருவர் பேருந்து ஓட்டிக்கொண்டிருப்பார், ஒருவருக்குப் பரீட்சை நடக்கும். மறுநாள் "நேற்றைய படத்தை யாராவது பார்க்க முடியுமா" என்று ஒருமுறை கேட்கலாம். பெயர் சொல்லி டேக் செய்து இழுப்பதும், தெரிந்த நிபுணர் என்று ஒருவரைத் தனியாக அழைப்பதும் வேண்டாம்.

பதில் வந்ததும் நன்றி சொல்லுங்கள். அதைவிட முக்கியம், கேள்வியை அழிக்காதீர்கள். தன் ஊகம் தவறு என்று தெரிந்ததும் வெட்கப்பட்டுப் படத்தை நீக்கிவிடுகிறவர்கள் நிறையப் பேர். அப்படிச் செய்தால் விளக்கம் எழுதினவரின் உழைப்பு அந்தரத்தில் தொங்கும். அடுத்து அதே சந்தேகத்தோடு வருகிறவருக்கும் தேடினால் ஒன்றும் கிடைக்காது.

திருத்தம் வரும்போது

பார்த்த பறவைகளைப் பட்டியலாக ஏற்றும் இ-பேர்ட் இணையதளத்தை நான் பயன்படுத்தத் தொடங்கிய முதல் வருடம், ஜூன் மாதத்தில் ஒரு மாலை. பனங்காட்டுக்கு மேலே வேகவேகமாகச் சுற்றிக்கொண்டிருந்த பறவைகளை எண்ணி, தகைவிலான் பன்னிரண்டு என்று பட்டியலில் ஏற்றினேன். இரண்டு நாளில் மின்னஞ்சல் வந்தது. அந்த மாதத்தில் அந்தப் பறவை இங்கே அரிது, பார்த்ததை விவரிக்க முடியுமா என்று கேட்டிருந்தார் எங்கள் பகுதிப் பதிவுகளைச் சரிபார்க்கும் தன்னார்வலர். எனக்குச் சுள்ளென்று ஏறியது. கண்ணால் பார்த்ததைச் சொன்னால் நம்ப மாட்டார்களா என்று பதில் தட்டச்சு செய்யவே தொடங்கிவிட்டேன். நல்லவேளை, அனுப்பவில்லை. அவர் கடிதத்தின் கடைசியில் ஒரு கேள்வி இருந்தது: "அவை கம்பியில் உட்கார்ந்தனவா, பறந்துகொண்டே இருந்தனவா?"

யோசித்துப் பார்த்தேன். ஒன்றுகூட உட்காரவில்லை. முக்கால் மணி நேரம் பறந்துகொண்டேதான் இருந்தன. மறுநாள் மாலை திரும்பப் போய்ப் பார்த்தேன். பனை ஓலைக்குள் போய்ப் போய் வந்தன. அவை பனை உழவாரன்கள். உழவாரனின் கால் கம்பியில் அமர்வதற்கு ஆனது கிடையாது. ஓலையிலோ சுவரிலோ தொற்றிக்கொள்ள மட்டுமே அதனால் முடியும். தகைவிலானோ குளிர்காலத்துக்கு வந்து, கம்பியில் வரிசையாக உட்கார்ந்திருந்து, கோடையில் வடக்கே போய்விடும் பறவை. அந்த ஒரு கேள்வியில் நான் கற்றுக்கொண்டது இன்றுவரை கூடவே வருகிறது.

உங்களுக்கும் அப்படி ஒரு கடிதம் வரும். வந்தால் அதை அவமானமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். இருபது வருடம் பறவை பார்த்தவர்களுக்கும் வருகிறது. அந்தப் பதிவுகளை ஆய்வாளர்கள் பயன்படுத்துகிறார்கள், அதனால் வழக்கத்துக்கு மாறான எதையும் கேட்டுச் சரிபார்க்கிறார்கள். பதிலில் பார்த்ததை மட்டும் எழுதுங்கள். உறுதி இல்லையென்றால் "உறுதியாகச் சொல்ல முடியவில்லை, பட்டியலில் மாற்றிவிடுகிறேன்" என்று எழுதுவதில் ஒரு குறைவும் இல்லை. உறுதியாக இருந்தால் ஏன் என்று அடையாளங்களோடு சொல்லுங்கள். நீங்கள் சொன்னது சரி என்று ஏற்கப்பட்ட சமயங்களும் வரும்.

மெர்லின் செயலி பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஒலியைக் கேட்டுப் பெயர் சொல்லும் அருமையான கருவி அது. ஆனால் அது சொன்னதை மட்டும் நம்பி, பறவையைப் பார்க்காமலே "இன்று இங்கே பதினெட்டு வகை" என்று குழுவில் போடாதீர்கள். மேற்குத் தொடர்ச்சி மலையில் துடுப்புவால் கரிச்சான் மற்ற பறவைகளின் குரலை அப்படியே எடுத்துப் பேசும். மனிதர்களே ஏமாறுவோம். "மெர்லின் இப்படிச் சொல்கிறது, நான் பார்க்கவில்லை" என்று சேர்த்து எழுதினால் போதும், யாரும் குறை சொல்ல மாட்டார்கள்.

நீங்கள் திருத்தும்போது

ஆறு மாதத்தில் உங்களுக்கே நாலு விஷயம் தெரிந்திருக்கும். அப்போது இன்னொருவர் தவறாகப் பெயர் சொன்னால் கை துறுதுறுக்கும். திருத்துவது நல்லதுதான். எப்படித் திருத்துகிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

ஒருவர் மார்பில் கோடு போட்ட சாம்பல் பறவை ஒன்றைப் போட்டு "வல்லூறு" என்று எழுதியிருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அது உண்மையில் அக்காக்குயில். "தப்பு. அக்காக்குயில்" என்று எழுதலாம். அதில் பொய்யில்லை, ஆனால் படித்தவருக்குக் கன்னத்தில் தட்டினது போல இருக்கும், கற்றுக்கொள்ளவும் ஒன்றும் இருக்காது. இப்படி எழுதிப் பாருங்கள்: "நல்ல படம். முதல் பார்வைக்கு வல்லூறு மாதிரியே இருக்கிறது, நானும் பலமுறை ஏமாந்திருக்கிறேன். அலகைப் பாருங்கள். வல்லூறுக்கு அலகு குட்டையாகக் கொக்கி போல வளைந்திருக்கும். இதற்கு மெலிந்து நீண்டிருக்கிறது. காலிலும் அந்த வேட்டைப் பறவையின் நகங்கள் இல்லை. அதனால் அக்காக்குயில் என்று நினைக்கிறேன்."

இரண்டு நிமிடம் கூட ஆகும். ஆனால் படித்த அத்தனை பேரும் அடுத்த முறை அலகைப் பார்ப்பார்கள். "என்று நினைக்கிறேன்" என்பதை ஒப்புக்காகச் சேர்க்கச் சொல்லவில்லை. படத்தை மட்டும் பார்த்துச் சொல்கிறோம், நாமும் தவறலாம். ஏற்கெனவே ஒருவர் சரியாகச் சொல்லியிருந்தால் நான்கு பேர் வரிசையாக அதையே சொல்ல வேண்டியதில்லை. ஒருவர் திருத்தினால் அது உதவி. ஐந்து பேர் திருத்தினால் கேட்டவருக்கு ஊர் கூடிக் கண்டித்தது போலிருக்கும்.

பெயர் விஷயத்தில் இன்னொன்று. செம்போத்து என்று ஒருவர் எழுதுவார், செண்பகம் என்று யாழ்ப்பாணத்திலிருந்து ஒருவர் எழுதுவார். கரிச்சான் என்றும் இரட்டைவால் குருவி என்றும் ஒரே பறவைக்கு இரண்டு ஊர்ப் பெயர்கள். எது சரி என்று சண்டை போட்டு நூறு செய்தி ஓடிய இரவுகள் உண்டு. எனக்கு இதில் உறுதியான கருத்து இருக்கிறது: புத்தகப் பெயர் ஒன்று வேண்டும், அது எல்லோரும் ஒரே பறவையைப் பேசுகிறோமா என்று தெரிந்துகொள்ள. ஊர்ப் பெயரை அதற்காகத் தள்ளக் கூடாது. ஆடு மேய்க்கும் தாத்தா சொன்ன பெயரை ஒருவர் குழுவில் எழுதினால், "அது தவறு, சரியான பெயர் இது" என்று வெட்டாமல், எந்த ஊரில் அப்படிச் சொல்கிறார்கள் என்று கேட்டுக் குறித்து வையுங்கள். அந்தப் பெயர் வேறெங்கும் எழுதப்படாமலே போய்விடக்கூடும்.

இடத்தைச் சொல்வதற்கு முன்

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும்தான் நினைவில் வைத்துக்கொள்வேன் என்றால் இந்தப் பகுதியை வைத்துக்கொள்ளுங்கள்.

சில வருடங்களுக்கு முன் எங்கள் பக்கம் ஒரு பழைய தென்னந்தோப்பில் புள்ளி ஆந்தைக் குடும்பம் ஒன்று இருந்தது. பெரியது இரண்டு, குஞ்சு மூன்று. தோப்புக்காரம்மா தினமும் சாயங்காலம் அவற்றைப் பார்த்துவிட்டுத்தான் மாட்டைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குப் போவார். புதிதாகச் சேர்ந்த ஒருவர், நல்ல மனதோடுதான், பொந்திலிருந்து மூன்று தலைகள் எட்டிப் பார்க்கும் படத்தைக் குழுவில் போட்டு, கூகுள் மேப் லொகேஷனையும் சேர்த்து அனுப்பினார். எல்லோரும் பார்க்கட்டும் என்ற ஆசை. நான் பார்த்து நீக்கச் சொல்வதற்குள் நாலு குழுக்களுக்குப் போய்விட்டது. அந்த ஞாயிற்றுக்கிழமை தோப்பில் பதினோரு பேர். ஒருவர் குஞ்சுகள் வெளியே எட்டிப் பார்க்கட்டும் என்று மரத்தைத் தட்டினாராம். தோப்புக்காரம்மா சத்தம் போட்டு விரட்டியிருக்கிறார். மூன்றாவது வாரம் நான் போனபோது பொந்து காலி. அதற்கப்புறம் அந்த அம்மா எங்களில் யாரையும் உள்ளே விடவில்லை. அவர் செய்தது முழுக்க நியாயம்.

ஆந்தை விஷயத்தில் ஆபத்து படம் எடுப்பவர்களால் மட்டும் வருவதில்லை. மாந்திரீகத்துக்காக ஆந்தைகளைப் பிடித்து விற்கிறார்கள், தீபாவளியை ஒட்டி அது கூடுகிறது. முந்நூறு பேர் இருக்கும் குழுவில் எல்லோரும் யார் என்று அட்மினுக்கே தெரியாது. குழுவில் சொன்னால் ஊருக்கே சொன்ன மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஆகவே வழக்கம் இதுதான். ஆந்தை, கூடு, பெரிய வேட்டைப் பறவைகள், எங்கேயோ வழிதவறி வந்த அரிய பறவை, இவற்றுக்கு மாவட்டத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பின்னணியில் கோயில் கோபுரமோ தண்ணீர்த் தொட்டியோ பெயர்ப்பலகையோ தெரிந்தால் அந்தப் படத்தை விட்டுவிடுங்கள். வாட்ஸ்அப்பில் சாதாரணமாகப் படம் அனுப்பினால் அதில் பதிந்திருக்கும் ஜிபிஎஸ் விவரம் போய்விடும். ஆனால் தரம் குறையக் கூடாது என்று டாக்குமெண்டாக அனுப்பினால் இடம் அப்படியே கூடவே போகும். இது பலருக்குத் தெரியாது. போன் கேமராவிலேயே லொகேஷன் பதிவதை அணைத்துவிடுவது நல்லது. இன்ஸ்டாகிராமில் போட்டாலும் இடத்தை டேக் செய்யாதீர்கள்.

இ-பேர்டில் ஆபத்துள்ள சில இனங்களுக்குத் துல்லியமான இடத்தை அந்தத் தளமே மறைத்துவிடும். எல்லா இனத்துக்கும் அது நடக்காது. கூடு பார்த்திருந்தால், குஞ்சுகள் பறந்து போன பிறகு பட்டியலை ஏற்றினாலும் ஒன்றும் கெட்டுப்போகாது. தரவு காத்திருக்கும்.

உங்களிடம் யாராவது தனியாக இடம் கேட்பார்கள். மறுக்கச் சங்கடமாக இருக்கும். நான் சொல்லும் வாசகம் இது: "அண்ணா, தவறாக நினைக்காதீர்கள். அது ஒருவருடைய தோப்பு, கூடும் இருக்கிறது. குஞ்சு பறந்தபின் நானே கூட்டிப்போகிறேன்." இதைக் கேட்டுக் கோபித்துக்கொள்பவருக்கு இடத்தைச் சொல்லாததே நல்லது. இதே மறுப்பு உங்களுக்கு வந்தால் "சரிங்க, புரிகிறது" என்று விட்டுவிடுங்கள். ஏன் எனக்கு மட்டும் சொல்லவில்லை என்று குழுவில் குத்திக் காட்டுவதைவிட வேகமாக ஒருவரின் நம்பிக்கையை இழக்க வேறு வழியில்லை.

கூடும் குரலும்

பல பறவைக் குழுக்களில் கூட்டுப் படத்துக்கே அனுமதி இல்லை. புதியவர்களுக்கு இது கடுமையாகத் தெரியும். காரணம் எளிது. நல்ல படம் ஒன்றைப் பார்த்தால் அதே போல எடுக்க நாலு பேர் கிளம்புவார்கள். கூட்டை மறைக்கும் இலையை ஒதுக்குவார்கள். ஒதுக்கின இலை வழியாகக் காக்கை பார்க்கும்.

ஆட்காட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். கூடு என்று ஒன்றும் கட்டாது. வெட்டவெளியில் கூழாங்கல் போலவே இருக்கும் நாலு முட்டைகளைத் தரையில் இடும். கொளுத்துகிற வெயிலில் முட்டைக்கு நிழல் கொடுத்து நிற்கும். குளத்துக்குப் போய் வயிற்று இறகை நனைத்துக்கொண்டு வந்து முட்டையைக் குளிர்விக்கும். நாம் பத்து நிமிடம் பக்கத்தில் நின்றால் அது தலைக்கு மேல் கத்திக்கொண்டு பறக்கும், முட்டை வெயிலில் வேகும். அந்தக் கத்தலை வீடியோ எடுத்து "என்ன அழகாகப் பேசுகிறது" என்று குழுவில் போடுகிறவர்களை நான் கோபித்துக்கொண்டதில்லை, அவர்களுக்குத் தெரியாது. தெரியப்படுத்துவதுதான் நம் வேலை.

சட்டமும் இதில் தெளிவாக இருக்கிறது. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் 'வேட்டை' என்ற சொல்லின் விளக்கத்திலேயே, காட்டுப் பறவையின் முட்டையையோ கூட்டையோ தொந்தரவு செய்வதும் அடங்குகிறது. துப்பாக்கி தேவையில்லை.

பதிவு செய்த குரலை ஒலிக்கவிட்டுப் பறவையை வெளியே வரவழைப்பதும் இதே வகைதான். இனப்பெருக்கக் காலத்தில் ஆண் பறவை, இல்லாத ஓர் எதிராளியைத் துரத்தக் கூட்டை விட்டு வந்து அலையும். குழுவில் யாராவது "போனில் சத்தம் போட்டால் உடனே வரும்" என்று யோசனை சொன்னால், கூடாது என்று மென்மையாகவும் தெளிவாகவும் சொல்லுங்கள். ஆறுமணிக்குருவியைப் பார்க்க வேண்டுமா, அது கத்தும் ஆறு மணிக்குப் புதரோரம் சத்தமில்லாமல் உட்காருங்கள்.

தெரியாமல் செய்பவர்களிடம்

ஒருமுறை ஒரு கல்லூரி மாணவி கூண்டில் இருக்கும் தன் பச்சைக்கிளியின் படத்தைப் போட்டு, "எங்க வீட்டுச் செல்லம்" என்று எழுதினாள். ஐந்தே நிமிடத்தில் சட்டம், தண்டனை, கொடுமை என்று வரிசையாகச் செய்திகள். அவள் குழுவை விட்டுப் போய்விட்டாள். நம் நாட்டுக் கிளிகளை வீட்டில் வளர்ப்பது சட்டப்படி தவறு என்பது உண்மைதான். ஆனால் அவள் பாட்டி காலத்திலிருந்து வீட்டில் கிளி இருந்திருக்கலாம், அது குற்றம் என்று யாருமே சொல்லியிருக்க மாட்டார்கள். கிளியும் கூண்டில்தான் இருந்தது, அவளும் போய்விட்டாள். அன்றிலிருந்து எங்கள் குழுவில் இப்படி வந்தால் ஒருவர் மட்டும், பெரும்பாலும் பெண் உறுப்பினர் ஒருவர், தனியாகப் பேசி விளக்குவார். குழுவில் மற்றவர்கள் எழுதக் கூடாது.

வலையில் மாட்டிய கொக்கு, வேட்டைக்காரர்களின் படம் போன்றவை கையில் கிடைத்தால் குழுக்களுக்கு ஃபார்வர்டு செய்யாமல் வனத்துறைக்கு நேரடியாகத் தெரிவியுங்கள். படத்தில் முகம் தெரியும் ஒருவரை ஊரே திட்டுவதால் பறவைக்கு ஒன்றும் ஆகப்போவதில்லை. அடிபட்ட பறவை கிடைத்ததாக யாராவது பதறிப்போய் எழுதினால், முதலில் பயன்படும் பதிலை எழுதுங்கள்: காற்றுப்போக ஓட்டை போட்ட அட்டைப்பெட்டி, இருட்டு, அமைதி, வாயில் எதையும் ஊற்றாதீர்கள், வனத்துறைக்குத் தகவல். என்ன இனம் என்ற விவாதமும் "பாவம்" என்ற முகக்குறிகளும் அப்புறம் இருக்கட்டும்.

மற்றவரின் படமும் எண்ணும்

குழுவில் வந்த படத்தை எடுத்து ஸ்டேட்டஸில் வைக்க ஆசைப்பட்டால் எடுத்தவரிடம் கேளுங்கள். கேட்டால் பெரும்பாலும் மகிழ்ச்சியாகக் கொடுப்பார்கள். பெயரைப் படத்தின் கீழே போடுங்கள். வானத்தை மாற்றியோ, இரண்டு படத்தை ஒட்டியோ, ஏஐ கொண்டு இறகைத் தெளிவாக்கியோ இருந்தால் அதைச் சொல்லிவிடுங்கள். அந்த இறகின் கோட்டைப் பார்த்துத்தான் ஒருவர் இனத்தைச் சொல்லப்போகிறார்.

வாட்ஸ்அப் குழுவில் எல்லோருடைய எண்ணும் தெரிகிறது. தெரிவதால் அழைக்கலாம் என்று அர்த்தமில்லை. "ஹாய் மேம், உங்க போட்டோ சூப்பர்" என்று முன்பின் தெரியாத பெண்களுக்குத் தனியாகச் செய்தி அனுப்புவது எங்கள் குழுவில் பறவைகளை நன்றாக அடையாளம் காணும் சில உறுப்பினர்களை இழக்க வைத்திருக்கிறது. பாராட்டு என்றால் குழுவிலேயே சொல்லுங்கள். தனியாகப் பேச வேண்டிய காரணம் இருந்தால் குழுவில் அனுமதி கேட்டுவிட்டு அனுப்புங்கள். இப்படித் தொல்லை வந்தால் பொறுத்துக்கொள்ளாமல் ஸ்க்ரீன்ஷாட்டோடு அட்மினுக்குச் சொல்லுங்கள். அதில் தயங்குகிற அட்மின் அந்தப் பொறுப்பில் இருக்கக் கூடாது என்பது என் கருத்து.

விளிக்கும் விதமும் ஒரு விஷயம். எழுத்தில் வயது தெரியாது. எங்கள் குழுவில் உள்ளான்கள் என்னும் கரையோரப் பறவைகளைப் பற்றி மிக நன்றாகத் தெரிந்தவன் ஒன்பதாம் வகுப்புப் பையன். அவன் திருத்தியபோது "தம்பி, நீ பிறக்கறதுக்கு முன்னாடியே" என்று தொடங்கிய ஒரு பெரியவர், மறுநாள் அவனிடம் குழுவிலேயே வருத்தம் தெரிவித்தார். அந்தப் பெரியவர் மீது எனக்கு இன்றும் மிகுந்த மதிப்பு. தெரியாத எல்லோரையும் 'நீங்கள்' என்றே எழுதுங்கள். அண்ணா, அக்கா எல்லாம் பழகியபின் தானாக வரும்.

களத்துக்குப் போய் வந்தபின்

சிவகங்கை மாவட்டத்தில் வேட்டங்குடி சரணாலயத்தை ஒட்டிய கொள்ளுக்குடிப்பட்டியில் தீபாவளிக்குப் பட்டாசு வெடிப்பதில்லை. கண்மாயில் வந்து தங்கும் நாரைகளும் கொக்குகளும் மிரண்டு போகும் என்பதற்காகப் பல வருடங்களாக ஊரே விட்டுக்கொடுத்திருக்கிறது. நீங்கள் படம் எடுக்கும் பல பறவைகள் இப்படி யாரோ விட்டுக்கொடுத்ததால்தான் அங்கே இருக்கின்றன. குழுவில் பயணக் குறிப்பு எழுதும்போது "ஊர்க்காரர்களுக்கு ஒன்றும் தெரியவில்லை, குப்பை போடுகிறார்கள்" என்று எழுதுவதற்கு முன் யாரிடமாவது பேசினீர்களா என்று நினைத்துப் பாருங்கள். வழி காட்டியவர், கரை மேல் வண்டி நிறுத்த இடம் கொடுத்தவர், எந்த மரத்தில் அடைகிறது என்று சொன்னவர், இவர்கள் பெயரைச் சொல்ல அனுமதி இருந்தால் பெயரோடும் இல்லையென்றால் பெயரில்லாமலும் குறிப்பில் நன்றியாக எழுதுங்கள்.

அடுத்த முறை போகும்போது, எடுத்ததில் நல்ல படம் ஒன்றைப் பிரிண்ட் போட்டு அந்த ஊர் டீக்கடையில் கொடுங்கள். பறவையின் பெயரைத் தமிழில் பெரிதாக எழுதி, அதற்குப் பக்கத்தில் அந்த ஊர்க்காரர்கள் சொல்லும் பெயரை எழுதக் கொஞ்சம் இடம் விட்டு வையுங்கள்.